பேக் மூன்று, பெட்டி ஒன்று

கனகசபாபதிக்கு ஹியூபேட்டைப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். பிடிக்காத ஒருவனை யாரும் நாளுக்குப் பத்துத் தடவை யன்னலால் எட்டிப் பார்ப்பதில்லை. கொட்டாஞ்சேனையில் ஓர் ஆணிக்கடையின் மேல்மாடியில் இருந்தது அவருடைய கந்தோர். தெருவின் மறுபக்கத்தில் ஹியூபேட்டின் கண்ணாடிக் கதவு. அதற்குள் யார் போனார்கள், எத்தனை பெட்டி இறங்கியது, ஏசி எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தன் கந்தோருக்கு யார் வந்தார்கள் என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்.

இருவருக்கும் ஒரே வியாபாரம். ஆய்வுகூடங்களுக்கு வேண்டிய கண்ணாடிக் குழாய், இரசாயனம், குளிரில் வரும் சின்னக் குப்பிகள் எல்லாவற்றையும் வெளிநாட்டிலிருந்து எடுப்பித்துக் கொடுக்கும் ஏஜென்சி. ஹியூபேட் ஒன்பது வருடம் கனகசபாபதியிடம் கிளாக்காக இருந்தவன். ஒருநாள் கடிதம் வைத்துவிட்டுப் போனான். மறுமாதம் எதிரே போர்ட் மாட்டினான், "ஹியூபேட் சயன்ரிபிக்". போனதைக்கூட மன்னித்திருக்கலாம். ஆனால் இன்றைக்கும் தெருவில் கண்டால் கைகட்டி நின்று, "முதலாளி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பான். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால் பதிலுக்கு எட்டு வார்த்தை திட்டி முடித்திருப்பார். மரியாதைக்கு என்ன பதில் சொல்வது?

2007 வைகாசியில் டொக்டர் அருந்ததியின் ஓடர் கண்ணாடிக் கதவுக்குள் போனது.

அருந்ததி பாமன்கடையில் இருந்தா. ஆராய்ச்சி நிலையம் ஒன்றில், நடக்கிற வயதில் தசை மெலிந்து விழுந்துபோகும் பிள்ளைகளின் நோயைப் பற்றி ஆராய்ந்து கொண்டிருந்தா. பதினொரு வருடமாக எது வேண்டுமென்றாலும் கனகசபாபதிக்குத்தான் ரெலிபோன் வரும். விலையைச் சொன்னால் முதலில் சிரிப்பா, பிறகு மெல்ல இறக்குவா. பேரம் பேசியே வளர்ந்த கனகசபாபதிக்கு அந்தச் சிரிப்புக்கு மட்டும் மறுவிலை சொல்லத் தெரியாது.

இந்த முறை கேட்டது சுண்டுவிரல் நகமளவு திரவம், ஒரு மொனோகுளோனல் அன்ரிபொடி. இலாபத்தில் ஆளுக்கொரு பிளேன்ரீ குடிக்கலாம், வடை கடிக்க முடியாது. ஓடர் போனதற்காக அவர் எரியவில்லை. ஏன் அங்கே போனது என்று ரெலிபோனில் சிரித்தபடி கேட்டபோது அவ சொன்ன பதில்தான் எரித்தது.

"ஹியூபேட்டுக்கு விளங்குது ஐயா. டேட்டா சீற்றை வாசிச்சுப்போட்டு என்னட்டைக் கேள்வி கேட்டவன்."

விளங்குது! அந்த ஒரு சொல் பல்லிடுக்கில் மாட்டிய கீரை நார் மாதிரிக் கிடந்தது. நாக்கால் தள்ளத் தள்ள உள்ளே போனது. கனகசபாபதிக்கு இனி வேண்டியது ஓடரில்லை. 'கனகசபாபதி ஐயாவுக்கு விளங்குது' என்று அதே வாய் சொல்ல வேண்டும். ஹியூபேட் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்த நாளே வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் இன்ரநெற்றிலிருந்து அதே டேட்டா சீற்றை எடுப்பித்து, பேப்பருக்குள் ஒளித்துப் படிக்கத் தொடங்கினார். நாலாம் நாள் மனைவி நேசமலர் பிடித்துவிட்டா.

"என்னப்பா அது, ஒளிச்சு வைச்சு வாசிக்கிறியள்?"

"மொனோகுளோனல்."

"ஆர் அவள்?"

"அவளில்லையப்பா, அது. எலியில செய்யிறது."

"எலியோ? சாப்பாட்டு மேசையில வைச்சு எலியை வாசிக்கிற மனிசனை இண்டைக்குத்தான் பாக்கிறன். அந்த ஹியூபேட்டும் இதைத்தான் வாசிக்கிறானோ?"

கனகசபாபதி பேப்பரை இன்னும் உயர்த்திப் பிடித்தார். நேசமலரின் கேள்விகளில் கடைசிக் கேள்விதான் எப்போதும் சரியான கேள்வியாக இருக்கும்.

மூன்று கிழமையில் அவருக்குப் பிடிபட்டுவிட்டது, அதுவும் தன் வழியில். இளவயதில் காலி வீதிப் புடவைக் கடையொன்றில் மடிப்புக்கு நின்றவர் அவர். உடம்பில் உண்டாகும் புரதம் விரித்துப்போட்ட சேலை மாதிரி. ஒழுங்காக மடித்தால்தான் உதவும், கசங்கினால் கழிவு. மடித்துக்கொடுக்க என்றே சில புரதங்கள் நிற்கின்றன. அந்த மடிப்புக்காரருக்கு மேலே, 'இதைப் பிடி, அதை விடு' என்று சொல்லும் மேற்பார்வைக்காரன் ஒருவன் உண்டு. அவன் குடும்பப் பெயர் 'பேக்'. அந்தக் குடும்பத்தில் மூன்றாமவன் பேக்-3. பிள்ளைகளின் தசைக்குள் அவன் நிற்கிறானா, ஓடிவிட்டானா என்று கண்ணால் காண முடியாது. அவனை மட்டும் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்வதுதான் அந்த அன்ரிபொடி. இவ்வளவும் விளங்கியபோது அவருக்கு வந்தது சந்தோஷமல்ல. 'இது அவனுக்கு எனக்கு முதலே விளங்கியிருக்கிறதே' என்ற எரிச்சல்.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ரெலிபோன் அடித்தது.

"முதலாளி, நான் ஹியூபேட். கட்டுநாயக்கவில, கார்கோவில இருக்கேன். ரூமுக்குள்ள ஒக்கார வெச்சிருக்காங்க."

"ஏன், உமக்கு ஏசி போதாமல் போச்சோ?"

"பகிடி இல்ல முதலாளி. டொக்டர்ட சாமான் வந்திருக்கு. பேப்பர்ல 'பேக் த்ரீ'ன்னு இருக்கில்ல? கொம்பியூட்டர்ல அடிச்சவன் மூணு பேக்குன்னு அடிச்சிட்டான். வந்தது ஒரு பெட்டி. மத்த ரெண்டு பேக்கும் எங்கன்னு கேக்குறாங்க. செக்கியூரிட்டியும் வந்திட்டாங்க."

விமான நிலையத்தில் சொந்தக்காரரில்லாத ஒரு பை கிடந்தாலே ஊரைக் கலைக்கும் யுத்த காலம் அது. கொழும்புத் தமிழன் ஒருவன் பெயருக்கு வந்த இரண்டு பைகளைக் காணவில்லை என்றால் கேட்கவும் வேணுமா?

"டொக்டருக்குச் சொல்லும்."

"கண்டிக்குப் போயிருக்காங்க, போன் ஓஃப். பின்னேரம்தான் வருவாங்க. ஐஸ் கரையுது முதலாளி. இதெல்லாம் எடுத்துச் சொல்ல வேற ஆள் எனக்குத் தெரியாது."

கனகசபாபதி யன்னலால் எதிர்ப்பக்கம் பார்த்தார். கண்ணாடிக் கதவு பூட்டியிருந்தது. ஹியூபேட் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்ப்பது இனிமை. அவனால் முடியாததைத் தான் மீட்டெடுத்து, தன் கையாலேயே அருந்ததியிடம் கொடுப்பது அதைவிட இனிமை. இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்கிறதென்றால் எந்த வியாபாரி விடுவான்? பழைய காரை எடுத்தார். பேலியகொடைப் பாலத்தடியில் ஒரு செக்பொயின்ற், சீதுவையில் இன்னொன்று. இரண்டிலும் அடையாள அட்டையை நீட்டியபோது அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியைப் பார்த்து, கல்யாண வீட்டுக்குப் போகிறாரென்றே சிப்பாய்கள் நினைத்திருப்பார்கள்.

கார்கோ வாசலில் மலர்ச்சி வாடியது. உள்ளே போக ஏஜென்டின் ஆட்களுக்கு மட்டும்தான் அனுமதி. காவலாளி நிரப்பித்தர ஒரு பாரத்தை நீட்டினான். கம்பனியின் பெயர், உம்முடைய பெயர், பதவி.

"நான் வேற கம்பனி. விஷயம் தெரிந்தவன், விளக்கம் சொல்ல வந்தனான்" என்று சிங்களத்தில் சொல்லிப் பார்த்தார்.

"வேற கம்பனியெண்டால் வெளியே நில்லுங்க மாத்தையா. உள்ளே இருக்கிறவருடைய ஆளெண்டால் எழுதுங்க."

கனகசபாபதி பேனையைப் பிடித்தபடி நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. முப்பது வருடம் 'கனகா ஏஜென்சீஸ், உரிமையாளர்' என்று எழுதிய கை. அதே கை கம்பனி என்ற இடத்தில் 'ஹியூபேட் சயன்ரிபிக்' என்று எழுதியது. பதவி என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கி, 'உதவிக் கிளாக்' என்று எழுதியது. எழுத்தைச் சின்னதாக எழுதினால் அவமானமும் சின்னதாகும் என்று நினைத்தாரோ என்னவோ, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதினார்.

அறைக்குள் ஹியூபேட்டைக் கண்டதும் பாதி நட்டம் ஈடுகட்டப்பட்டது. இடுப்புப்பட்டி கழற்றி மேசையில் கிடந்தது. சேட் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வழக்கமான சென்ற் வாசம் இல்லை, வெறும் மனித வாசம்தான். பக்கத்தில் வெள்ளை ரெஜிபோம் ஐஸ்பெட்டி. அதன் அடியில் ஒரு சின்னக் குளம்.

மேசைக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்களச் சுங்க அதிகாரி. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு, ஹியூபேட்டைச் சுட்டிக் கேட்டார்:

"மே கவுத?"

இவன் யார்? 'தெரியாது' என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். உதட்டைப் பிதுக்கித் தலையை ஒருதரம் இடம் வலம் ஆட்டியிருந்தால் போதும், கண்ணாடிக் கதவு ஆறு மாதத்துக்குத் திறந்திராது. அந்த எண்ணம் வந்ததென்பதை மறைப்பதற்கில்லை. வந்தது, கதிரை போட்டு உட்காரவும் பார்த்தது. ஆனால் வாசலில் எழுதிக் கொடுத்து வாங்கிய பாஸில் உதவிக் கிளாக் என்று இருக்கிறதே. கிளாக்குக்கு எசமானைத் தெரியாமல் போகுமா?

"அப்பே முதலாளி, சேர்" என்றார் கனகசபாபதி.

ஹியூபேட் தலையை நிமிர்த்திப் பார்த்தான். எங்கள் முதலாளி! தேவாலயத்து மணி தன் பாட்டில் அடித்தால்கூட அவன் அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

"அப்படியெண்டால் நீர் சொல்லும். கோ அனித் பேக் தெக்க?" மற்ற இரண்டு பையும் எங்கே? "உம்முடைய முதலாளி சொல்லச் சொல்லப் பயம்தான் கூடுது. இங்க பாரும், இவர் வாசிச்சுக் காட்டினதை எழுதி வைச்சிருக்கிறம்."

கனகசபாபதி வாங்கிப் பார்த்தார். ஹியூபேட் டேட்டா சீற்றை வரி வரியாக ஆங்கிலத்தில் வாசித்திருக்கிறான். எழுதியவர் காதில் விழுந்தது மட்டும் வரிசையாக இருந்தது: ஹியூமன் டாகெட், ஹீட் ஷொக், செல், செல்லின் மரணம். குண்டு வைக்கிற திட்டம் மாதிரியே இருந்தது.

"மடையா" என்றார் தமிழில், மெல்ல. உடனே ஞாபகம் வந்து, "முதலாளி" என்று சேர்த்துக்கொண்டார்.

பிறகு சிங்களத்துக்கு மாறினார். அவருடைய சிங்களம் இலக்கணம் படித்ததல்ல, கடைத்தெருவில் பேரம் பேசிப் படித்தது. ஆனால் எதிரில் நிற்பவன் எந்த வார்த்தையில் இளகுவான் என்று அதற்குத் தெரியும்.

"சேர், பேக் என்பது பையில்லை, பெயர். உங்கடை ஊரில் மூன்று பேருக்கு ஒரே பெயரெண்டால் நம்பர் போட்டுக் கூப்பிட மாட்டீங்களா? இது மூன்றாம் நம்பர். வீட்டில் நோனாவுக்குச் சேலை வாங்கியிருப்பீங்கதானே?"

அதிகாரி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். சேலை, மடிப்பு, மடிப்புக்காரன், மேற்பார்வைக்காரன் என்று கனகசபாபதி கதையை விரித்தார். மேசையில் கிடந்த கைலேஞ்சியை எடுத்து மடித்தும் காட்டினார். அதிகாரி அவ்வளவும் கேட்டார்.

"சரி. அந்த மேற்பார்வைக்காரன் நோயாளியின் உடம்புக்குள் இருக்கிறான். இந்தக் குப்பிக்குள் இருப்பவன் யார்?"

கனகசபாபதிக்கு வேறு உவமை வரவில்லை. வந்ததைச் சொல்லிவிட்டார்.

"கோனிபில்லா, சேர்."

சாக்கால் முகத்தை மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டு, பிடித்துவந்தவர்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகக் காட்டுவார்களே, அவனைத்தான் சிங்களவர் அப்படிச் சொல்வார்கள். நம்மவர் தலையாட்டி என்பார்கள். அவன் தலையசைத்தால் அந்த ஆள் போனான். ஹியூபேட் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"ஆயிரம் புரதம் வரிசையில் நிற்கும் சேர்" என்றார் கனகசபாபதி. தொடங்கியதை முடிக்காமல் விட்டால் ஆபத்து. "இது எல்லாரையும் கடந்து போய், பேக் மூன்றைக் கண்டால் மட்டும் தலையாட்டும். குப்பிக்குள் இருப்பதெல்லாம் ஒரே ஒரு கலத்தின் வழியில் வந்தவை. ஆளுக்கொரு ஆளைக் காட்டாது. எல்லாம் ஒரே ஆளைத்தான் காட்டும்."

அதிகாரி பேனையை மூடினார். திரும்பத் திறந்தார்.

"எண்பத்தொன்பதில், கிளர்ச்சியை அடக்கிய நேரம், மாத்தறையில், என் அண்ணனைப் பார்த்து ஒருத்தன் தலையாட்டினான்" என்றார். "அவனுக்கு அண்ணனைத் தெரியாது. அண்ணனுக்கும் அவனைத் தெரியாது. யாரையாவது காட்ட வேண்டியிருந்தது, காட்டினான்."

அவர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது பிழையாய்த் தலையாட்டாதா?"

நூற்றுக்கு நூறு கியாரண்டி என்று சொல்லவே கனகசபாபதியின் வாய் பழகியிருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபடி அதைச் சொல்ல வரவில்லை.

"ஆட்டக்கூடும் சேர். அதனால் டொக்டர் முதலில் பேக் மூன்று அறவே இல்லாத கலத்தில் வைத்துப் பார்ப்பா. அங்கேயும் தலையாட்டினால் குப்பையில் போட்டுவிடுவா. ஒரு பிள்ளையின் தசையிலும் தொடவிட மாட்டா."

"அப்படி முதலில் வைத்துப் பார்க்கும் ஆள் எங்களுக்குக் கிடைக்கவில்லை" என்று சொல்லிவிட்டு அதிகாரி முத்திரையைக் குத்தினார். பாரத்தின் அடியில் தன் கையால் விவரமும் எழுதினார். 'பேக் என்பது பெயர், பை அல்ல. பொருளை விளக்கியவர்: ஹியூபேட் சயன்ரிபிக் கம்பனியின் உதவிக் கிளாக் திரு. கனகசபாபதி.' ஒரு பிரதி கோப்புக்கு. ஒரு பிரதி பொருளோடு போகவேண்டும், பெற்றுக்கொள்பவர் வாசித்துக் கையெழுத்திட வேண்டும்.

வரும்போது ஹியூபேட்டின் வானில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கனகசபாபதி முன்னுக்கு உட்கார்ந்தார். தன் காரைக் கட்டுநாயக்கவிலேயே விட்டுவிட்டார். குப்பியை ஹியூபேட்டின் கையில் தனியே விட மனம் வரவில்லை.

"முதலாளி, நீங்க இல்லாட்டி இன்னைக்கு..."

"ரோட்டைப் பாரும்."

ஐஸ் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவர் மனதுக்குள் ஒத்திகை ஓடியது. 'டொக்டர், ஹியூபேட் வாசிச்சவன்தான், ஆனால்...' அந்த 'ஆனால்' என்ற இடத்தில் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பது வரை யோசித்து வைத்திருந்தார்.

ஆராய்ச்சி நிலையத்து வாசலில் பெட்டியைச் சோதித்த சிப்பாய், விமான நிலையத்துச் சாமான் என்றபடியால் கையெழுத்து முடியும்வரை கூடவே வந்து நின்றான். கண்டியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அருந்ததி பெட்டியைத் திறந்து, குளிர் காட்டும் பட்டியைப் பார்த்து, "தப்பிச்சுது" என்று மூச்சு விட்டா. கனகசபாபதி தொண்டையைச் செருமினார். அதற்குள் அவ கடதாசியை வாசிக்கத் தொடங்கிவிட்டா.

"உதவிக் கிளாக்கோ?" நிமிர்ந்து பார்த்தா. "ஐயா, நீங்கள் ஹியூபேட்டிட்டைச் சேர்ந்திட்டியளோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

சிப்பாய் கதவில் சாய்ந்து நின்றான். தமிழ் தெரிந்த சிப்பாயா, தெரியாத சிப்பாயா என்று முகத்தில் எழுதியிருக்கவில்லை. பொய்ப் பதவி எழுதிக் கார்கோவுக்குள் புகுந்தவருக்கு அந்த வருடத்தில் என்ன நடக்கும் என்பது மட்டும் கனகசபாபதிக்குத் தெரிந்திருந்தது. ஹியூபேட் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தான்.

"ஓம் டொக்டர்" என்றார் கனகசபாபதி. "போன கிழமைதான்."

"அப்ப உங்கடை கந்தோர்?"

"அது மேல்மாடி. படி ஏற முழங்கால் விடுதில்லை."

அருந்ததியின் முகம் உண்மையாகவே மலர்ந்தது. "நல்ல காரியம் செய்தியள். ஹியூபேட், குறை நினையாதையும், உமக்கு விளங்குது, ஆனால் விளங்கப்படுத்த வராது. ஐயாவுக்கு ரெண்டும் வரும். ஒரு கஸ்ரம்ஸ் ஒஃபிசருக்கே பேக்-3ஐ விளங்கப்படுத்தியிருக்கிறார்! இனி ஓடரெல்லாம் உமக்குத்தான் தருவன், ஆனால் ஐயாதான் வந்து என்னோட கதைக்க வேணும், ஐயாதான் கொண்டுவர வேணும். சரியோ?"

கேட்க ஏங்கிய வார்த்தை கடைசியில் வந்துவிட்டது. அதே வாய், பக்கத்தில் அதே ஹியூபேட். ஆனால் வேறொருவன் வீட்டு விலாசத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்த உதவிக் கிளாக் யாரோ, கொடுத்துவைத்தவன் என்று கனகசபாபதிக்கு வயிறெரிந்தது. தன்னைப் பார்த்துத் தானே பொறாமைப்பட்ட வியாபாரி கொழும்பில் அன்றைக்கு அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

வெளியே வந்து வானில் ஏறியதும் ஹியூபேட் திறப்பைத் திருகாமல் அவர் பக்கம் திரும்பினான்.

"நான் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லிட்டு வரவா முதலாளி? அந்த ஆமிக்காரன் போனப்புறம்?"

"கடதாசி கோப்பில கிடக்குது. அது கிடக்கிற மட்டும் வாயைத் திறக்காதையும்."

வான் தெமட்டகொடைப் பக்கம் திரும்பியது. ரயில் கேற் போட்டிருந்தது. ஹியூபேட் ஸ்டியரிங்கில் விரலால் தட்டினான். பிறகு, பார்வையைத் திருப்பாமலே கேட்டான்:

"எனக்கு விளங்கப்படுத்த வராதுன்னு ஏன் சொன்னாங்க? நான் மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிச்சுத்தானே காட்டினேன். ஒரு வரி விடல்ல."

கனகசபாபதி திரும்பிப் பார்த்தார். அவன் தாடை இறுகியிருந்தது. மூக்கு நுனி சிவந்திருந்தது. கண் கேற்றில் இருந்தாலும் மனம் அந்த ஆய்வுகூடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அந்த முகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்று கிழமையாகச் சவரம் செய்யும்போதெல்லாம் கண்ணாடியில் பார்த்த முகம்.

"ஒரு சேலையாவது சொல்லியிருக்கலாம் நீர்" என்றார்.

"டேட்டா சீற்ல சேலை எங்க முதலாளி இருக்கு?"

"அது உமக்கு விளங்காது" என்று சொல்லிவிட்டுக் கனகசபாபதி சீற்றைப் பின்னுக்குச் சாய்த்து, காலை நீட்டி, ஏசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.